தும்மல் கேட்காத வியாழக்கிழமை

பள்ளியில் எல்லோருக்கும் அவள் பூட்டக்கா. கம்ப்யூட்டர் அறை உதவியாளர் என்பதெல்லாம் சம்பளப் பட்டியலில் மட்டும். இடுப்பில் பதினேழு சாவி. அவள் மாடிப்படி ஏறினால் கீழே ஒன்றாம் வகுப்பு வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கும் பூட்டு உண்டு. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டித்தான் சம்மதம் வாங்கினாள் என்று ஒரு பேச்சு. அவரைக் கேட்டால் சிரிப்பார், இல்லை என்று மட்டும் சொல்லமாட்டார்.

அறைச் சுவரில் இன்டர்நெட் விதிகள் பத்து, அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில். முதல் விதி: உயிரே போனாலும் உன் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே. ‘உயிரே போனாலும்’ அவளாகச் சேர்த்தது.

ஆனால் பிள்ளைகள் மறந்துவிடுவார்களே! வாரத்துக்கு ஒரு வகுப்பு, நாற்பது நிமிடம். அதில் பாதி, “அக்கா, என்னுது திறக்கல” என்ற புலம்பலிலேயே போய்விடும். அதனால் எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே தாளில் எழுதி, பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தாள். பீரோவுக்கு இரண்டு பூட்டு. வகுப்பு நேரத்தில் மட்டும், ஹெட்போன் எடுக்க வசதியாக, அது ஆவென்று திறந்து கிடக்கும்.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் தும்மல் என்றே பெயர். ஏசி தூசி அவளுக்கு ஆகாது. ஒருமுறை அவள் தும்மியதில் மூன்று கம்ப்யூட்டர் அணைந்து, செத்துக் கிடந்த ஒன்று உயிர்பெற்றதாம்.

அந்த வியாழக்கிழமை வகுப்பில் அவளுக்குத் தும்மல் நிற்கவேயில்லை. “போ தாயே, முகத்தைக் கழுவிட்டு மணியடிக்கிற வரைக்கும் வராந்தாவுலயே உட்காரு” என்று பூட்டக்காதான் அவளை வெளியே அனுப்பினாள். அந்த நேரத்தில்தான் பள்ளிக் கணக்குகளில் ஓடும் வகுப்புக் குழுவில் ஒரு படம் விழுந்தது. தும்மலின் நெருங்கிய தோழியின் அப்பா கைவிலங்கோடு நிற்கும் பழைய செய்தித்தாள் படம், கீழே ஒரு கேலி வரி. அனுப்பிய கணக்கு தும்மலுடையது.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையில் விசாரணை.

“உன் கணக்கு, உன் பாஸ்வேர்ட். நீ எழுதலன்னா பேயா வந்து எழுதிச்சு?”

“நான் ரூம்லயே இல்ல மேடம். அக்காதான் வெளிய அனுப்பினாங்க. கேட்டுப் பாருங்க.”

எல்லாக் கண்களும் கதவோரம் வருகைப் பதிவேட்டோடு நின்ற பூட்டக்கா மேல் திரும்பின. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்: அப்படியானால் அந்தக் கணக்கைத் திறந்தது யார், எப்படி? பீரோ வரைக்கும் போகும். வேலையைக் கொண்டு போகும்.

“ஞாபகம் இல்ல மேடம்,” என்றாள்.

அந்தப் பெண் அழவில்லை. பூட்டக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் பீரோக் கதவுத் தாளைக் கிழித்தாள் பூட்டக்கா. கிழிசலைக் குப்பையில் போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரை டப்பாவில் போட்டுப் பூட்டினாள்; பழக்கதோஷம். ஞாயிறன்று அவள் தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது.

“என்னடி, தொண்டைக்கும் பூட்டா?” என்றார் மூட்டுவலியோடு மூலையில் கிடந்த புருஷன்.

சொன்னாள். அவர் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

“உன் சம்பளத்துலதான் நான் சாப்பிடறேன். அதனால நான் சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் சொல்றேன், போய்ச் சொல்லிடு.”

திங்களன்று கிழிசலை ஒட்டி எடுத்துக்கொண்டு போனாள். தலைமையாசிரியை தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலமே அந்தப் பொண்ணோட அப்பா வந்து, இவ படிச்சது போதும்னு டி.சி. வாங்கிட்டுப் போயிட்டார். இப்ப வந்து நிக்கறீங்க.”

படத்தை அனுப்பியது யார் என்று கடைசிவரை துலங்கவில்லை. திறந்த பீரோவைப் பார்க்காத பிள்ளை யார்? சாவிக்கொத்து அன்றே தலைமையாசிரியை மேசைக்குப் போனது; வேலையும் போனது. தும்மல் குற்றமற்றவள் என்று பள்ளி கடிதம் எழுத இரண்டு வாரம் பிடித்தது. அதை நானே கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள் பூட்டக்கா.

அட்டைப்பெட்டிப் பட்டறையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்தாள்.

“ஞாபகம் வந்துடுச்சாக்கா?”

“அன்னைக்கே இருந்துச்சும்மா.”

“தெரியும்.”

“திரும்ப ஸ்கூலுக்கு வா கண்ணு. சேர்த்துக்கறோம்னு எழுதியிருக்காங்க.”

“இதைப் பார்த்தா அப்பா நம்புவாரு. என் ஃப்ரெண்டு நம்பணுமேக்கா. அவ வீட்டுக்குப் போனேன், கதவையே திறக்கல.”

பட்டறை முழுக்கக் காகிதத் தூசி, மாவு சலித்ததுபோல. பெண்ணின் மூக்கு சுருங்கியது. கண்ணில் நீர் கட்டியது. பூட்டக்கா தன்னையறியாமல் பின்வாங்கினாள். தும்மல் வரவில்லை. மூச்சைப் பிடித்து, விழுங்கிவிட்டு, பெண் நிமிர்ந்தாள்.

“தும்மினா பெட்டியில படும்னு திட்டுவாங்க. அடக்கப் பழகிட்டேன்.”

கடிதத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். அடுத்த அட்டையை எடுத்தாள்.