மூடி கழற்றிய சிவப்புப் பேனா

சிதம்பரத்தில் என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய பள்ளி வாசலில்தான் அவரைப் பார்த்தேன். பெயர் தெரியாது. என் மகளோடு தேர்வெழுதிய ஒரு பெண்ணின் அப்பா. வியர்வைக்குச் சட்டைக் காலரில் கைக்குட்டை, தோளில் மகளுக்கான தண்ணீர் பாட்டில் வைத்த பை, கையில் சிவப்புப் பேனா. மணி அடிக்குமுன்பே பேனா மூடியைக் கழற்றிவிடுவார்.

மகள் வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்கி மதில்மேல் விரிப்பார். "மூணாவதுக்கு என்னா போட்ட?" அவள் சொல்லச் சொல்ல டிக் போடுவார், தப்பென்றால் உச்சுக்கொட்டி இன்ட்டு போடுவார். பையை மட்டும் திறக்கமாட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மொதல்ல பொண்ணு தண்ணி குடிக்கட்டும் சார். எழுதினத இனிமே மாத்தவா முடியும்?"

"தைரியம் குடுக்கறேன் மேடம். எங்க மார்க்கு போச்சுன்னு தெரிஞ்சாத்தான அடுத்ததுல ஜாஸ்தி வாங்குவா?"

கடைசித் தேர்வன்று அவர் கேட்குமுன்பே அந்தப் பெண் கேள்வித்தாளை நீட்டினாள். ஒரு மதிப்பெண் கேள்விகள் அத்தனைக்கும் அவளே இன்ட்டு போட்டிருந்தாள்.

"நானே போட்டுட்டேம்பா. போலாமா?"

அவர் விடவில்லை. ஒவ்வொன்றாய் விடை கேட்டார். பிறகு வாடிய முகத்தோடு என்னிடம் திரும்பினார்.

"பாருங்க மேடம், முக்காவாசி சரியாத்தான் எழுதியிருக்கா. அதையும் தப்புன்னு போட்டு வச்சிருக்கா. இவளுக்குத் தன்னம்பிக்கையே இல்ல."

அவர் கண் கலங்கியது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தண்ணீர் பாட்டில் அப்போதும் பைக்குள்தான் இருந்தது.