கோணல் சோபாவும் பாதிக் கடனும்

சோபா கடைக்காரனை எல்லோரும் ஆணிவாயன் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை நேரத்தில் நாலைந்து ஆணி உதட்டில் தொங்கும். அதோடேயே பேசுவான், அதோடேயே திட்டுவான். டேப் வைத்து மரம் அளப்பவனைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். "என் கண்ணு தப்புமாடா?" என்பான். மரச்சட்டம் அடிப்பது அவன், மேலுக்குத் துணி வெட்டித் தைப்பது அவன் பெண்டாட்டி. இருபது வருஷம் கடை அப்படித்தான் ஓடியது. பிறகு ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமல் போய், விவாகரத்தில் வந்து நின்றது. பிள்ளைகுட்டி இல்லை. அதனால் சண்டை முழுக்கச் சாமான்கள் மேல் இறங்கியது.

இரண்டு பேரும் பேசி முடிக்கப் போன வக்கீலம்மாவின் அறையில் அவன் வாயில் ஆணி இல்லை. பேச்சுதான் ஆணியாக வந்தது.

"கடை எனக்கு. மரம், கையில இருக்கிற ஆர்டர், வாங்கின அட்வான்ஸ், எல்லாம் எனக்கு."

"தையல் மெஷின்?" என்றாள் வக்கீலம்மா.

"அதுவும் கடைக் காசுல வாங்கினதுதான்."

"மிதிச்சது உன் காலா?"

கேட்டது பெண்டாட்டி. அதுவரைக்கும் 'நீங்க' தவிர வேறு சொல்லாத வாய். அந்த 'உன்' அவனுக்குச் செவிட்டில் விட்டது போல் இருந்தது.

"தூக்கிட்டுப் போ! தெருவுக்கு ஒரு தையக்காரன் இருக்கான்."

"அவரு செஞ்ச கட்டில் ஒண்ணு இருக்கேம்மா, அது?" என்று வக்கீலம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"வேணாம். ஒரு காலுக்கு அட்டை கொடுத்துத்தான் இத்தனை காலம் படுத்தேன்."

வக்கீலம்மா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

மிச்சம் பேங்குக் கடன். கடைக்காக இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. கடையே உங்களுக்கு என்றால் கடனும் உங்களுக்குத்தானே என்று வக்கீலம்மா கேட்க, அவன் எகிறினான்.

"கையெழுத்து போடறப்போ இனிச்சுதில்ல? பாதி அவ கட்டணும். இல்லேன்னா நான் எதுலயும் கையெழுத்து போடமாட்டேன். கோர்ட்டுக்கு நடந்து நடந்து செருப்பு தேயட்டும்."

விட்டால் போதும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள்.

கையில் இருந்தது ஒரு லாட்ஜ் ஆர்டர், வரவேற்பறைக்கு வரிசையாகச் சோபாக்கள். அட்வான்ஸ் முழுதும் மரத்துக்கும் பஞ்சுக்கும் போய்விட்டது. கொடுத்து முடித்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் பூட்டு. அவன் சட்டங்களை அடித்து முடித்து, பக்கத்துத் தெருத் தையல்காரனைக் கூப்பிட்டான்.

தையல்காரன் தைத்த உறையை மாட்டினால் இடது கைப்பிடியில் தையல் பிளந்தது, வலது பக்கம் தொளதொளத்தது.

"கத்திரியை எங்கய்யா கத்துக்கிட்ட?" என்று ஆணிவாயன் பாய்ந்தான்.

தையல்காரன் டேப்பை எடுத்துச் சட்டத்தில் வைத்தான். இடது கைப்பிடி வலதைவிட அரை விரல் உயரம். அடுத்த சட்டம், அதுவும் அப்படியே.

"அண்ணே, எனக்கு நேரா தைக்கத்தான் தெரியும். கோணலுக்குத் தைக்கிற ஆளைப் பாருங்க" என்று போய்விட்டான்.

சட்டத்தைப் பிரித்து அடிக்க நாளும் இல்லை, மரம் வாங்கக் காசும் இல்லை. ஆணிவாயன் அவள் வாடகைக்கு இருந்த அறைக்குப் போனான்.

"உள்ள வராத. அங்கயே நின்னு சொல்லு" என்றாள், மெஷினை விட்டு எழுந்திருக்காமல்.

சொன்னான். அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"உன் கோணலுக்கு ஏத்த மாதிரி இடது பக்கம் கூடுதலா விட்டுத்தான் இத்தனை வருஷமும் துணி வெட்டினேன்."

"எங்கிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஒரு தடவை சொன்னேன். சுத்தியல் பறந்து வந்துச்சு. சுவத்துல அந்தக் குழி இன்னும் இருக்கும், போய்ப் பாரு."

அவன் வாசற்படியில் கால் மாற்றி நின்றான்.

"தைச்சுத் தரேன். கூலி ரொக்கமா, முன்னாடியே. அதோட என் பேர்ல இருக்கிற பாதிக் கடனை நீயே ஏத்துக்கிட்டதா வக்கீலம்மாகிட்ட எழுதிக் கொடுத்துட்டு வா."

"கழுத்துல கத்தி வைக்கிறியா?"

"ஏன், தெருவுக்கு ஒரு தையக்காரன் இருக்கானே!"

கைமாற்று வாங்கிக் கூலியை வைத்தான், எழுதியும் கொடுத்தான். அவள் உறைகளைத் தைத்து ஆள் மூலம் அனுப்பினாள். கைக்கு உறை போட்ட மாதிரி உட்கார்ந்தன.

லாட்ஜ் மேனேஜர் சோபாவைத் தடவிப் பார்த்தார். "சட்டம் போட்டா உங்களை மாதிரி போடணும்யா!"

ஆணிவாயன் சட்டென்று நாலு ஆணியை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான்.