இல்லாத தையல் மெசினுக்கு நன்றி

துறைமுகப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருந்த ஒரு சின்ன விளம்பரக் கந்தோரில் தேத்தண்ணி ஊற்றவும் கூட்டித் துடைக்கவும் இருந்தேன். ஹோட்டல்காரருக்கும் கம்பனிக்காரருக்கும் சனத்திடம் நல்ல பெயர் வரப்பண்ணுவதுதான் அங்கே வேலை. உள்ளே மட்டும் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. முதலாளி சேர் கத்தினால் கீழே கடையில் நிற்கிறவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். செய்தி எழுதுகிற பிள்ளையை எல்லோருக்கும் முன்னால், "உமக்கு ஆர் படிப்பிச்சது, மாடோ?" என்று கேட்பார். அவள் குசினிக்கு வந்து முகம் கழுவுவாள். நான் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுப்பேன்.

ஒருநாள், ஒரு கம்பனி இறக்கக்கண்டி என்ற ஊர்ப் பெண்களுக்குத் தையல் மெசின் கொடுத்ததாக வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. மெசின் இன்னும் கொடுபடவில்லை. அதனால் நன்றி சொல்ல அங்கேயிருந்து ஒருவரும் வரவில்லை. சேர் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, இதில இருங்கோ. மெசின் கிடைச்சது, இப்பதான் வீட்டில அடுப்பெரியுது எண்டு சொல்லுங்கோ. அழுதாலும் நல்லம்."

என் மகள் கலியாணம் கட்டிப் போயிருப்பது இறக்கக்கண்டியில்தான். நான் இப்படிச் சொல்வதை அந்த ஊர்ச் சனம் போனில் பார்த்தால், அவள் எப்படி அங்கே முகம் கொடுத்துக் கதைப்பாள்? ஏலாது என்றால் வேலை போய்விடும். ஏலாது என்று சொல்ல எனக்கு வாயும் வராது. கதிரையில் இருந்துவிட்டேன்.

செய்தி எழுதுகிற அந்தப் பிள்ளை எழும்பி வந்து கமராவைக் கையால் மறைத்தாள்.

"அம்மாவுக்கு விருப்பமில்லை, சேர்."

"அவ சொன்னவவோ? நீர் என்ன, அவவின்ர லோயரோ?"

"சொல்லப் பயம். இங்க ஆருக்குத்தான் பயமில்லை?"

"அப்ப ரெண்டு பேரும் வெளியால போங்கோ!"

"ஓம், போறம். நீங்களே சீலை உடுத்துக்கொண்டு இருந்து அழுங்கோ."

படம் பிடிக்கிறவர் சிரிப்பை இருமலாக்கினார். அவள் என் கையைப் பிடித்து எழுப்பினாள். படி இறங்கி முடியும்வரை அவள் என் கையை விடவில்லை.

எனக்குப் பிறகு ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. நல்ல மனிசர். மகள் வீட்டுக்கும் வழக்கம்போலப் போய் வருகிறேன். பஸ் நிலையம் வரைக்கும் கூட நடந்து வந்த பிள்ளைக்கு, அன்று கூச்சத்தில் ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை. அவளுக்கும் வேறு கந்தோரில் வேலை சரிவந்தது என்று கேள்விப்பட்ட அன்று, மாதா கோயிலுக்குப் போய் அவள் பெயரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன். அவள் சைவப் பிள்ளை. மாதா அதைக் குறையாக நினைக்கமாட்டா.