நாற்பத்தொன்று புள்ளி ஆறு

லாண்டரிக்காரம்மா பட்டம் வாங்கிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், வானிலை அறிவியலில். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்னிடம் கேட்டிருக்கிறது. என் கையெழுத்து அழகாக இருக்குமாம். வயிறு எரிகிறவனிடம் வாழ்த்துரை கேட்டால் என்ன வருமோ அதுதான் வந்திருக்கிறது.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்ட ஏழெட்டுப் பேர். ஞாயிறு மாலை நாலு மணிக்கு லாண்டரியின் பின்பக்க அறையில், துணி தேய்க்கும் நீள மேசையைச் சுற்றி உட்காருவோம். சோப்பு வாசனையும் நீராவிச் சூடுமாக இருக்கும். இலையுதிர்காலம் என்றைக்குத் தொடங்கியது என்பதில் எங்களுக்குள் வருடம் தவறாமல் சண்டை வரும். பஸ் டிரைவர் தன் வழித்தடத்தில் இருக்கும் மரங்களைப் பார்த்துச் சொல்வார். பல் டாக்டருக்கு காலண்டரில் போட்டிருந்தால் போதும். நான் என் மாடி வெப்பமானியைத்தான் நம்புவேன். தொடர்ந்து மூன்று காலைகள் பதினைந்து டிகிரிக்குக் கீழே போக வேண்டும், அதற்கு முன்னால் வாயே திறக்க மாட்டேன்.

லாண்டரிக்காரம்மாவிடம் ஒரு கருவியும் கிடையாது. "லாட்ஜ் விரிப்பு போன வாரம் மூணு மணிக்கெல்லாம் காஞ்சுது. இன்னிக்கு அஞ்சரை ஆச்சு. வெயில் அதே வெயில்தான், காத்துல ஈரம் ஏறிடுச்சு. வந்தாச்சுண்ணா" என்பார். நான் சிரிப்பேன். நாலு நாள் கழித்து என் வெப்பமானி அதையே சொல்லும். அப்போது மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

என்னையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடைகளின் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஐந்து கிராம் குறைந்தாலும் விட்டதில்லை. கூட்டத்தில் எனக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். கேலிக்கு வைத்தார்கள், நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன். என் மாடியில் செம்புப் புனல் வைத்த மழைமானி இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு அதில் விழுந்த தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுவேன். தேதி, மழை, காற்றின் திசை, அளந்தவர் என்று நாலு கட்டம். அளந்தவர் கட்டத்தில், முதல் நோட்டின் முதல் வரியில், ஒரே ஒரு முறை 'நான்' என்று எழுதினேன். அதற்குக் கீழே பத்தொன்பது வருடமாக, பத்தொன்பது நோட்டுகளிலும், 'மேற்படி'தான். ஒரு நாள்கூட விட்டதில்லை என்பதுதான் கூட்டத்தில் என் மரியாதை. அது போனால் எனக்கு வேறொன்றும் இல்லை.

"ரிட்டயர் ஆனதும் வானிலை படிக்கப் போறேன்" என்று பத்து வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். ரிட்டயர் ஆனேன். கண்ணில் புரை என்றேன். அது போனதும் முட்டிவலி என்றேன். அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரிப்புகளை மடித்துக்கொண்டே லாண்டரிக்காரம்மா சொன்னார்: "அண்ணா, நீங்க சொல்லிட்டே இருந்தீங்களே, அந்த மாலைக் காலேஜ். நான் பேர் குடுத்துட்டேன்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் வாயிலிருந்து போன வார்த்தை இன்னொருவர் காலில் நடந்து காலேஜுக்குப் போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பத்தாவது கணக்கே தகராறு, இது எங்க தேறப் போகுது?" என்றேன். "நீங்க போயிருந்தா தேறியிருப்பீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் அந்த அம்மாள் மேல் ஒரு சலுகை உண்டு.

தேறினார். நீராவி இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தார். பக்கங்கள் எல்லாம் நீராவியில் ஊறி அப்பளம் போல நெளிந்திருந்தன. துணிக்குக் குத்தும் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பார். ஒரு முறை என் வெள்ளைச் சட்டைக் காலரில் குத்தி வந்த சீட்டைத் திருப்பினால், காற்று எந்தச் சூட்டில் ஈரத்தைத் தாங்காமல் பனியாக்கும் என்ற கணக்கு. இரண்டு வரி போட்டுவிட்டு விட்டிருந்தார். நான் முடித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தேன். பிறகு அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் வருடம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் வீட்டுப் படியேறி வந்தார். கையில் பெரிய துணிப்பை.

"அண்ணா, கடைசி வருஷ ஆய்வுக்கு இலையுதிர்கால மழையை எடுத்திருக்கேன். ஒரு தெருவுல கொட்டுது, அடுத்த தெருவுல தூறல்கூட இல்ல, அது ஏன்னு. நம்ம கூட்டத்துல எல்லார் மாடிக் கணக்கையும் வாங்கிட்டேன். உங்க நோட்டுதான் முக்கியம். தருவீங்களா?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடியே பழைய நோட்டு ஒன்று ஞாபகம் வந்தது.

விஷயம் இதுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், இலையுதிர்காலத்தில், குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மழைமானியை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டுவிட்டு, நோட்டை மட்டும் கையோடு எடுத்துப் போனேன். அங்கே கட்டிலில் இருந்து ஜன்னல் வழியாக ஒரு முழம் வானம் தெரிந்தது. அதைப் பார்த்து, கண்ணாடியில் விழுந்த தண்ணீரைப் பார்த்து, ஒன்பது நாளுக்கும் நானே அள்ளி விட்டேன். ஏழாம் நாள் காய்ச்சலில் கிடந்தபோது ஜன்னலில் பகல் முழுக்கத் தண்ணீர் கொட்டியது. 41.6 என்று எழுதினேன். புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் போட்டுவிட்டால் பொய்க்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அது மழையே இல்லை, ஆஸ்பத்திரி மாடித் தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது என்று, டிஸ்சார்ஜ் ஆகிற அன்று துடைக்கிற அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் மையில் எழுதியாகிவிட்டது. என் நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மழைமானி காலி, வெயிலில் வற்றியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் ஒன்பது எண்களையும் வாசித்தேன். "நான் சொல்லிக் குடுத்தேன், வீட்டுக்காரி அளந்தா" என்றேன். "ஏழாம் நாள் என் ரூட்டுல ஒரு பொட்டு விழலையே" என்றார் பஸ் டிரைவர். "இலையுதிர்கால மேகம் அப்படித்தான் இருக்கும். என் தெருவில் மட்டும் கொட்டிட்டுப் போச்சு" என்று அடித்துப் பேசினேன். லாண்டரிக்காரம்மா கைப்பையைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிவிட்டார். கைக்குட்டை தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த எண் அவருடைய ஆய்வுக்குள் போகப் போகிறது. ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவில் கொட்டாத மழைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நிச்சயம் அதைத்தான் முன்னால் வைப்பார். பேராசிரியர்கள் பழைய ராடார் படத்தை எடுத்துப் பார்த்தால் அன்றைக்கு மேகமே இருக்காது. மூன்று வருடப் படிப்பு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

"அண்ணா," என்றார், நோட்டுகளைப் பைக்குள் அடுக்கியபடி, "இதுல நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான்.

"எல்லாம் சரியா இருக்கும். அளந்தது நான்" என்றேன்.

கடைசி நோட்டையும் பைக்குள் வைத்தார். என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் அவரை மேலிருந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் மரியாதை போகும் என்ற பயம் இருந்தது. ஆனால் பயம் பாதிதான். அவர் சறுக்குவதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை மீதிப் பாதி. பூசி மெழுக விரும்பவில்லை. அப்படித்தான் இருந்தேன்.

ஆய்வைச் சமர்ப்பிக்கும் நாளில் கூட்டம் மொத்தமும் காலேஜுக்குப் போனது. பெஞ்சுகள் போட்ட நீளமான அறை. அவர் தன் கையாலேயே கஞ்சி போட்டுத் தேய்த்த புடவையில் வந்திருந்தார், ஒரு மடிப்பு கலையவில்லை. முன்வரிசையில் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த பேராசிரியைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பஸ் டிரைவர் எனக்கு இந்தப் பக்கம், பல் டாக்டர் அந்தப் பக்கம். திரையில் மாடி மாடியாக மழை அளவுகள் வந்தன. அந்த வருடம் வந்தது. அந்த மாதம் வந்தது.

ஏழாம் நாளில் என் மாடிக்கு நேரே சைபர் இருந்தது.

ஒன்பது நாளுமே என் எண்கள் இல்லை. வேறு எண்கள், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

பேராசிரியையும் அதைத்தான் கேட்டார். "பத்தொன்பது வருஷம் ஒரே ஆள் எடுத்த கணக்கு. இந்த ஒன்பது நாளுக்கு மட்டும் ஏன் குறி?"

"அப்போ அவர் ஆஸ்பத்திரியில இருந்தார் மேடம். அந்த ஒன்பது நாளும் நான் போய் அளந்தேன். அதே மழைமானி, அதே எட்டரை மணி. ஆள் மாறினதால குறி போட்டிருக்கேன்."

"அது அவருக்குத் தெரியுமா?"

லாண்டரிக்காரம்மா பெஞ்சுகளுக்கு நடுவே என்னைத் தேடிப் பிடித்தார். "தெரியும் மேடம். அவர் சொல்லித்தான் செஞ்சேன். அதோ உக்காந்திருக்கார்."

மூன்று பேராசிரியர்களும் திரும்பினார்கள். நான் தலையை ஆட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கனமாக இந்தத் தலை இருந்ததில்லை. பஸ் டிரைவர் என் காதருகே குனிந்தார். "அப்போ அந்த நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு?"



வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டேன். அவள் முறுக்கிய துணியை உதறியபடியே சொன்னாள். "தினம் எட்டரைக்கு வந்துடும். கடையைப் பாதி தொறந்து வெச்சுட்டு ஓடி வரும். மாடிச் சாவியை நான்தான் குடுத்தேன். 'ஒரு நாள் விட்டாலும் அண்ணா மனசு உடைஞ்சுடும் அண்ணி, வந்ததும் சீட்டைக் குடுத்துடறேன்'னு சொல்லிச்சு."

"இத்தனை வருஷம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் அளந்தேன்னு நீங்கதான ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க. நான் அளக்கலன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் யாருக்குச் சொல்லணும்?"

மறுநாள் நோட்டுகள் திரும்பி வந்தன. அந்த வருட நோட்டுக்குள், துருப்பிடித்த ஊக்கோடு, பழுத்துப்போன லாண்டரிச் சீட்டு ஒன்று. பின்பக்கத்தில் பென்சிலில் ஒன்பது எண்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் கைப்பையைத் திறந்து மூடினாரே, அதற்குள் இருந்தது இதுதான்.

என் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாலாம் நாளுக்கு அவர் 23.0, நான் 23.4. கட்டிலில் கிடந்தபடி அவ்வளவு கிட்டத்தில் சொல்லியிருக்கிறேனே என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? என் மானத்தைக் காப்பாற்றியவர் மேல் நன்றிதான் வர வேண்டும். எனக்கு வந்ததோ பொறாமைதான். படிப்பில் முந்தினார், சரி. பெருந்தன்மையிலும் முந்தி நிற்க வேண்டுமா?

சிவப்பு மையை எடுத்து என் ஒன்பது எண்களையும் அடித்தேன். 41.6 மேல் இரண்டு கோடு போட்டேன். பக்கத்தில் அவருடைய எண்களை எழுதினேன். அளந்தவர் கட்டத்தில் முதல் நாளுக்கு 'லாண்டரிக்காரம்மா' என்று எழுதினேன். அடுத்த எட்டு நாளுக்கும் ஏற்கனவே இருந்த 'மேற்படி'யே போதுமானதாக இருந்தது. நோட்டை மூடப் போனவன் பத்தாம் நாளைப் பார்த்தேன். அங்கேயும் 'மேற்படி'. அதற்குக் கீழும், அடுத்த பக்கத்திலும், அதற்குப் பிறகு வந்த அத்தனை நோட்டுகளிலும் 'மேற்படி'. அப்படியே விட்டால் அன்றிலிருந்து இன்று வரை என் மாடியில் மழை அளந்தவர் லாண்டரிக்காரம்மா என்று ஆகிவிடும்.

ஒன்பது நாள் அவருடையது, ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் நாளில் இருந்த 'மேற்படி'யை அடித்துவிட்டு 'நான்' என்று எழுதினேன், கட்டத்துக்கு வெளியே போகும் அளவுக்குப் பெரிதாக.