படுதா வராத கவிதை

எங்கள் வீட்டில் மேகத்துக்கு ஒரே அர்த்தம்தான்: முற்றத்தில் காயும் இஞ்சியை வார வேண்டும்.

கொச்சியில், மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பின்னால், உயரமான மதில் சூழ்ந்த பழைய கிடங்கு ஒன்றில் என் கணவரின் குடும்பம் சுக்கு வியாபாரம் செய்கிறது. வெயில் காலம் முழுவதும் முற்றம் நிறைய இஞ்சி பரப்பியிருக்கும். மதிலுக்குள் நிற்பவர்களுக்குத் தலைக்கு மேல் இருக்கும் வானம் மட்டும்தான் தெரியும். கோடை மழையோ கிழக்கே இருந்து, எர்ணாகுளத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் எழுந்து, காயலைத் தாண்டி வரும். அதனால் மதியத்துக்கு மேல் ஒருவர் படகுத்துறைக்குப் போய் நிற்பது எங்கள் கிடங்கின் வழக்கம். மேகத்தைக் கண்டதும் அவர் “மழைக்காரு” என்று மலையாளத்தில் குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு இஞ்சியைக் குவித்துப் படுதாவை இழுத்து மூடுவார்கள். நான் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே அந்த ஒருவர் என் கணவர்தான்.

எனக்குக் கல்யாணம் தாமதமாக நடந்தது. அதுவரை திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் ‘அழகிய’, ‘ரம்மியமான’, ‘கண்கொள்ளாக் காட்சி’ போன்றவற்றை அடித்துவிட்டு யார், எங்கே, எப்போது என்பதை மட்டும் மிச்சம் வைப்பது என் வேலை. அந்த வேலை கையோடு ஒட்டிக்கொண்டது. கொச்சிக்கு வந்து கவிதை எழுத ஆரம்பித்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருந்தது. காயலைப் பார்த்து ஒரு வரி எழுதுவேன். மறுநாள் படிக்கும்போது நானே அதை அடித்துவிடுவேன். கடைசியில் மிஞ்சுவது வானிலை அறிக்கை மாதிரி இருக்கும்.

கலூரில் ஒரு ஹோட்டலின் மாடி அறையில் மாதம் ஒருமுறை தமிழர்கள் சிலர் கூடிக் கவிதை வாசிப்பார்கள். காக்கநாட்டில் கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள், ஹோட்டல் ஊழியர்கள், பாத்திர வியாபாரி ஒருவர் என்று கலவையான கூட்டம். ஒரு வருடமாகப் போய் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இந்தச் சித்திரை மாதம் நான் வாசிக்க வேண்டும் என்றார்கள். மழையும் காதலும் என்று தலைப்பும் கொடுத்தார்கள்.

என் கணவர் என் கவிதை ஒன்றையும் அதுவரை கேட்டதில்லை. கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். தமிழ் பேச வரும்; படிக்க வராது. படித்ததெல்லாம் மலையாளத்தில். அதனால் என் காகிதங்கள் மேசையில் கிடந்தாலும் அவருக்கு அவை வெறும் காகிதங்கள்தான். அவர் கேட்க வேண்டுமென்றால் நான்தான் வாசிக்க வேண்டும். வீட்டில் வைத்து வாசித்துக் காட்ட எனக்குக் கூச்சம். கூட்டத்துக்கு வந்தால் மற்றவர்களோடு சேர்ந்து கேட்டுவிடலாம். அவரைப் பற்றிய கவிதையை அவர் ஒருமுறையாவது கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வருவீர்களா என்று கேட்டபோது, “ஞாயித்துக்கிழமதானே, உறப்பா வரேன்” என்றார்.

ஆனால் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து மழை வருவதைப் பார்த்ததே கிடையாது. அவர் பார்ப்பார், கத்துவார், ஓடுவார். நான் முற்றத்தில் படுதாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாளாவது அவரோடு நின்று அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கூட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை மதியம் அவர் படகுத்துறைக்குக் கிளம்பியபோது நானும் போனேன். போகும் வழியிலேயே சொன்னேன்.

“இன்னைக்கு ஒரு நாள் இஞ்சியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“சரி, மிண்டல.”

அன்று வெயில் கடுமையாக இருந்தது. படகுத்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் மிக உயரமான கட்டடத்தின் தோளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு தெரிந்தது. அது மேலே ஏறவில்லை, பக்கவாட்டில் பரவியது. பிறகு அக்கரைக் கட்டடங்கள் வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. காயலின் நடுவில் தண்ணீர் ஒரு பட்டையாகக் கறுத்தது. அந்தப் பட்டை எங்களை நோக்கி நகர்ந்துவந்தது. அதற்கு இந்தப் பக்கம் தண்ணீரில் இன்னும் வெயில் மின்னிக்கொண்டிருந்தது. அந்த எல்லையில் ஒரு படகு பாதி வெளிச்சத்திலும் பாதி நிழலிலுமாக வந்துகொண்டிருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்ததில் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. இத்தனை வருடம் மேகத்தைப் பார்த்துக் கத்திய மனிதர் கடைசியில் நின்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த முகம்தான் என் கவிதை என்று முடிவு செய்துவிட்டேன். முதல் வரிகூட வந்துவிட்டது; கையிலிருந்த காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அதை அடிக்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் துளி விழுந்ததும் அவர் கம்பியை விட்டுவிட்டு ஓடினார்.

நான் கிடங்குக்குள் நுழைந்தபோது முற்றத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இஞ்சியில் பாதிகூட மூடியிருக்கவில்லை. அவர் அங்கே காவல் நிற்கிறார் என்ற நம்பிக்கையில் உள்ளே எல்லாரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். அவர் தங்கை படுதாவின் முனையை என் கையில் திணித்தாள்.

“ரெண்டு பேரும் சோடியா நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்களாக்கும். மதினி, சினிமாவுலகூட இந்த நேரம் ஒரு பாட்டு போடுவான். நீங்க அதயும் போடல.”

வேலை செய்யும் பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கூடைகளை இழுத்தார்கள். மழை நின்ற பிறகு அவரைத் தனியாகப் பிடித்து, பார்த்ததும் ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“நீதானே இஞ்சியைப் பத்தி மிண்டக் கூடாதுன்ன?”

“இஞ்சியைத்தானே சொன்னேன். மழைன்னு கத்தினா என்ன?”

“இங்க ரெண்டும் ஒண்ணுதானே” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரின் களைப்புதான் இருந்தது. “தொண்ட வரைக்கும் வந்துச்சு. பிடிச்சு நிறுத்தினேன். உனக்கு வேண்டீட்டு.” எனக்காக.

கவிதையாக நான் எடுத்துக்கொண்ட முகம் அதுதான். கத்தலை விழுங்கிக்கொண்டிருந்த முகம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல் காட்ட முடியாத ஆத்திரம். ஒரு முறையாவது அவர் என் சொல்லை மீறியிருக்கலாம் என்று தோன்றியது. எழுதி வைத்திருந்த முதல் வரியை எடுத்துப் பார்த்தேன். தகவல் பிழை. மேகத்தின் அழகில் அவர் மயங்கி நின்றார் என்று எழுதியிருந்தேன், அவர் மயங்கவில்லை. தவறென்று தெரிந்த ஒன்றை அச்சுக்கு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. அந்த வரியை அடித்தேன். அதோடு அவரையும் கவிதையிலிருந்து எடுத்தேன். அதன் பிறகு எழுதிப் பார்த்ததில் முற்றம், கூடை, படுதா வந்த வரிகள் சில இருந்தன. சாமான் பட்டியல் மாதிரி இருக்கிறது என்று அவற்றையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது காயல், கறுத்த பட்டை, பாதி வெளிச்சத்தில் வந்த படகு.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராகவே இருந்தார். நனைந்த இஞ்சி அதற்குள் அங்கங்கே கறுக்கத் தொடங்கியிருந்தது. அன்று முழுவதும் விடாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விடுமுறை நாள் என்பதால் வேலைக்கு ஆள் குறைவு. கிடங்கிலிருந்து தங்கை கூப்பிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அந்த மடிப்பில் இருந்த ஒழுங்கு என்னை இன்னும் எரிச்சலூட்டியது.

நான் படகில் எர்ணாகுளம் போய் அங்கிருந்து கலூருக்குப் பஸ் பிடித்தேன். அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

வாசித்து முடித்ததும் கை தட்டினார்கள். பிறகு காக்கநாட்டிலிருந்து வரும் பையன்களில் ஒருவன் கேட்டான்.

“அக்கா, மழை நல்லா வந்திருக்கு. அந்தப் படகு அப்படியே கண்ணுல நிக்குது. காதல் எங்கக்கா?”

எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னால் கவிதை ஆகாது, மறைந்திருக்கும், தேடிப் பார்க்க வேண்டும் என்று பாத்திர வியாபாரி எனக்காகப் பரிந்து பேசினார். அது இன்னும் சங்கடமாக இருந்தது. மறைந்திருக்கவில்லை. நான்தான் அடித்துவிட்டேன்.

மறுநாள் வெயில் தாழும் நேரத்தில் முற்றத்துக்குப் போனேன். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர் மட்டும் மரப்பலகையால் இஞ்சியை வரிவரியாகப் புரட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தைக் கொண்டுவந்திருக்கிறாயா என்று அவரே கேட்டார். கைப்பையில் இருந்தது.

“படி. நேத்தே கேட்டிருக்க வேண்டியது.”

வாசித்தேன். பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டார். நடுவில் அவர் பார்வை என் தோளைத் தாண்டி மேலே போனது. நிறுத்திவிட்டேன்.

“நிறுத்தாத. காரு இல்ல, பருந்து.”

விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்குப் பாதி மனது போய்விட்டது. மீதியைச் செய்தி வாசிப்பது போல வாசித்து முடித்தேன்.

“கொள்ளாம்” என்றார். நன்றாக இருக்கிறது என்று இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சொல்லும் வார்த்தை. பிறகு, “படுதா இதுல வரலியே” என்றார்.

“வந்துச்சு. எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

சொல்ல என்னிடம் காரணம் இருந்தது. அது அவர் கேட்கும் வரை சரியாக இருந்த காரணம். காகிதத்தைப் பையில் வைத்தேன். அவர் பலகையால் இஞ்சியைக் குவித்து முடித்தார். மூடுகிற நேரமாகிவிட்டது என்று சுவரோரம் கிடந்த படுதாவைக் காட்டினார். பகலில் யாரோ அதைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். அதைப் பிரித்து, உதறி, முதலில் நேராக மடித்துக்கொண்டால்தான் குவியலின் மேல் சரியாக விரியும்.

ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்தோம். உதறினோம். பாதியாக மடிக்க, அவர் என்னை நோக்கி நடந்துவந்து தன் முனைகளை என் கையில் கொடுத்தார். விரல்களில் சுக்குக்குப் பூசும் சுண்ணாம்பும் இஞ்சி வாசனையும். மடிந்து தொங்கிய விளிம்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மறுபடி வந்தார். ஒவ்வொரு தடவையும் தூரம் பாதியாகக் குறைந்தது. கல்யாணமான நாளிலிருந்து வெயில் காலம் முழுவதும் இதைத்தான் செய்துவருகிறோம். ஒருநாளும் நான் இதைக் கவனித்ததில்லை.

செய்திப் பிரிவில் இருந்தபோது இது அடிக்கடி நடக்கும். பக்கம் அச்சுக்குப் போய், மை காய்ந்து, கட்டுகள் வண்டியில் ஏறிய பிறகுதான் சரியான தலைப்பு தோன்றும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வேறு தலைப்பு கொடுத்துவிட்டார்கள். வாசிக்கப்போவது வேறு ஒருவர்.

“என்ன நின்னுட்ட? இழு” என்றார்.

இழுத்தேன்.