வெறுங்கையோடு வந்த மாத்திரை அக்கா

காசநோய் வந்தவர்களைத் தினமும் தேடிப் போய், கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைப்பதுதான் அந்தச் சுகாதார ஊழியரின் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் மாத்திரை அக்கா. வெல்டிங் பட்டறைக்காரன் மட்டும் அவருக்குத் தண்ணி காட்டினான். கெஞ்சியும் மிரட்டியும் அவனை வழிக்குக் கொண்டுவந்தார். இருமல் நின்று உடம்பு தேறிவந்த நேரத்தில், அரசு நிதி ஒதுக்காததால் மருந்து வருவது நின்றுபோனது.

"ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். மேலேருந்து பணம் வரலையாம் தம்பி." அவன் முகத்தைப் பார்க்க அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது.

அக்கா வேறு சுகாதார நிலையங்களில் ஏறி இறங்கியும் மருந்து கிடைக்கவில்லை. கடைசியில் அது வந்தபோது அவனுக்கு மறுபடி இருமல், மனைவிக்கும் தொற்றியிருந்தது.

"முதல்லேருந்து ஆரம்பிக்கணும்பா."

அவன் வெல்டிங் முகமூடியை முகத்தின்மேல் இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.