‘வாரேன்’னா போறாகளா, வாராகளா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு மார்ஷல்.

சிரிக்காதீர்கள். சிவப்புக் கொடி, விசில், வாக்கிடாக்கி, தொப்பையில் பட்டன் போட மறுக்கும் பச்சை ஜாக்கெட்... எல்லாம் கொடுத்திருந்தார்கள்.

திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து இரண்டு நாள் மவுண்டன் சைக்கிள் திருவிழா நடத்தினார்கள். ‘மலையே இல்லாத ஊர்ல என்னடா மவுண்டன்?’ என்று நானும்தான் நக்கலடித்தேன். நம் பக்கம் உயரமான இடம் கண்மாய்க் கரை. அதற்கு அடுத்தது ஸ்பீடு பிரேக்கர்! ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கண்மாய்க் கரையில் ஏறி, காய்ந்த ஓடைக்குள் இறங்கி, கரிசல் வெடிப்பில் குலுங்கி, சீமைக்கருவேலங் காட்டுக்குள் புகுந்து வெளியே வருகிற மாதிரி ஒரு சுற்றுப்பாதை போட்டிருந்தார்கள். நிஜ மலையில் ஓட்டுகிறவனே வந்தாலும் அழுதுவிடுவான்.

சனிக்கிழமை குடும்பத்தோடு ஜாலி சவாரி. காரியாபட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்மாய்க் கரையை ஒரே மிதியில் ஏறினார். வீரசோழனிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் ஊற்றினார்கள். நான் குடித்தேன். பலமுறை.

ஞாயிறுதான் நிஜ ரேஸ். ஆறு மணி நேரம் விடாமல் ஓட்ட வேண்டும். மத்தியானம் கடைசி விசில். அதற்குள் முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் அந்தச் சுற்று கணக்கில் சேரும்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் என்னை நிறுத்தினார்கள். வலது பக்கம் ரேஸ். இடது பக்கம் காட்டுக்குள் எங்கோ போகிற தடம். எல்லோரையும் வலது பக்கம் அனுப்ப வேண்டும் — அவ்வளவுதான் வேலை. ஒரு அம்புக்குறி பார்க்கிற வேலை. அம்புக்குறி டீ கேட்காது, அதுதான் வித்தியாசம்.

ஓட்ட வந்தவர்களில் ஒருவர் எஸ்தர். மல்லாங்கிணற்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நாற்பதை நெருங்குகிற வயது. போன வருஷம் தொடை பிடித்துக்கொண்டு பாதியில் இறங்கிவிட்டாராம்.

“ஜெயிக்கணும்னுலாம் இல்லண்ணே. இந்தத் தடவ கடைசி விசில் வரைக்கும் பெடல்ல காலு இருக்கணும். அவ்வளவுதான்” என்றார் காலையில்.

பாதி ரேஸ் போயிருக்கும். எஸ்தர் வந்தார். இறங்கினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு இடது பக்கம் திரும்பினார். போகிற போக்கில், “அண்ணே, வாரேன்!”

‘எங்க போறீக?’ என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். புறப்படுகிறவரைப் பார்த்து அப்படிக் கேட்கலாமா? காரியம் கெட்டுப்போகும் என்று சின்ன வயதில் முதுகில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. மார்ஷல் ஜாக்கெட் போட்டால் முதுகு மறந்துவிடுமா?

கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கியில் முருகேசன் கூப்பிட்டான். திருவிழாவை முன்னின்று நடத்துகிற பிள்ளை.

“அண்ணாச்சி, எஸ்தரக்கா உங்க பாயிண்ட்டத் தாண்டியாச்சா?”

“இல்லப்பா. எடது பக்கம் போயிட்டாக.”

“ஏன்?”

“கேக்கல.”

“என்ன சொல்லிட்டுப் போனாக?”

“வாரேன்னாக.”

வாக்கிடாக்கி மறுபடி ‘கொர்ர்’ என்றது.

“அண்ணாச்சி... வாரேன்னா, போறாகளா வாராகளா?”

நியாயமான கேள்வி! நம் ஊரில் எவனாவது ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறானா? பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் எழுந்திருக்கிறவனும் ‘வாரேன்’தான்.

“வெலகிட்டாகன்னா பேர எடுத்துரணும் அண்ணாச்சி. எடுத்துட்டா மறுபடி ஓட்ட விடமுடியாது. அவுட்டா, உள்ளயா? நீங்கதான் சொல்லணும்.”

ஒரு பெண்ணின் ஒரு வருஷத்து ஆசை, என் தமிழறிவின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

“உள்ளதான்” என்றேன். கம்பீரமாக.

சொல்லி முடித்த நிமிஷமே சந்தேகம் வந்துவிட்டது. காட்டுக்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் உண்டே? மறுபடியும் தொடை பிடித்து எங்காவது விழுந்து கிடக்கிறாரோ? டி.வி.க்காரர்கள் மைக்கை நீட்டி, “கடைசியாப் பார்த்தது நீங்கதானா?” என்று என்னைக் கேட்பது வரைக்கும் மனசுக்குள் ஓடிவிட்டது. அதில் ஜாக்கெட் பட்டன் வேறு போடாமல் நிற்கிறேன்.

கொடியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் ஓடினேன். கொஞ்ச தூரத்தில் கருவேல முள் ஜாக்கெட்டைப் பிடித்து நிறுத்தியது. பின்னால் செயின் சத்தம். திரும்பினால், வரிசையாக ரேஸ் சைக்கிள்கள்!

“ஏலே, நீங்க எதுக்குடா இங்க வாரீக?”

“நீங்க ஓடுனீகள்ல அண்ணாச்சி. கொடி வச்சிருக்கவருக்குத் தெரியாதான்னு பின்னாலயே வந்தோம்.”

அப்போது எதிரே, சைக்கிள் மேல் ஜம்மென்று வந்தார் எஸ்தர்.

“என்னண்ணே, ரேஸை இங்க மாத்திட்டாகளா?”

“எங்கத்தா போனீக?”

“பம்புசெட்டுக்கு. பஞ்சருண்ணே. டியூபத் தண்ணியில முக்குனாத்தான ஓட்டை தெரியும்? இந்தக் காட்டுல தண்ணி கெடக்குறது அங்கதான். உருட்டிட்டுப் போனப்ப டயரப் பாக்கலயா நீங்க?”

பார்க்கவில்லை. நான் சகுனம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வாரேன்னு வேற சொன்னேனே!” என்றவர், மற்றவர்களைப் பார்த்து, “திரும்புங்கப்பா. விட்ட எடத்துலருந்து ஏறணும்” என்று மொத்தக் கூட்டத்தையும் ஓட்டிக்கொண்டு போனார்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்ன தெரியுமா? என்னால் நேரம் போனதற்கு ஒருத்தர்கூடத் திட்டவில்லை. ஒருவன் என் ஜாக்கெட்டிலிருந்து முள்ளை எடுத்துவிட்டான். இன்னொருவன், “இந்த ரூட்டும் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி” என்றான். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டுச் சண்டை பிடிக்கிற அதே ஜனம்தான் இது. முட்காட்டுக்குள் இறக்கிவிட்டால், போட்டிக்கு வந்தவனுக்கே காற்றடிக்கப் பம்பு கொடுக்கிறது. சீட்டு இருக்கிற இடத்தில்தான் நமக்குப் புத்தி கெடுகிறதோ?

கடைசிச் சுற்று. மண்டை பிளக்கிற வெயில். எஸ்தர் என் முன்னால் வந்தபோது ஒரு கால் மிதிக்கிறது, இன்னொரு கால் சும்மா சுற்றிவருகிறது. தொடை பிடித்துவிட்டது. முகம் வெளிறிப்போயிருந்தது.

“அண்ணே... நேரம் இருக்கா?”

வாட்ச்சைப் பார்த்தேன். அந்த வேகத்தில் போனால் சத்தியமாக இல்லை.

“தாராளமா இருக்கு தங்கச்சி! மெதுவாப் போனாலே போதும்!”

பல்லைக் கடித்தார். எழுந்து நின்று மிதித்தார். புழுதி மட்டும் தெரிந்தது. நான் வாக்கிடாக்கியைக் காதில் அழுத்திக்கொண்டு, தெரிந்த சாமி, தெரியாத சாமி, அவர் கும்பிடுகிற சாமி எல்லோரையும் கூப்பிட்டேன்.

“தாண்டிட்டாக அண்ணாச்சி! எஸ்தரக்கா தாண்டிட்டாக!” முருகேசன் கத்தினான். அவன் கத்தி முடிக்கிறதுக்குள் விசில்.

ஓட்டமும் நடையுமாகக் கோட்டுக்குப் போனேன். வேப்ப மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“மன்னிச்சுருங்க தங்கச்சி. நேரம் இருக்குன்னு பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்ணே. நானும் வாட்ச் கட்டியிருக்கேன்ல.”

“பெறகு எதுக்கு என்கிட்டக் கேட்டீக?”

“நானே சொல்லிக்கிட்டா காலு நம்ப மாட்டேங்குதுண்ணே!”